அழிக்கப்பட்ட வரி

திண்டுக்கல்
11.6.2023

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

மாப்ள சோலைமுத்து கும்புட்டு எழுதுறது. இங்க நான் நல்லாருக்கேன், வீட்டுக்காரி தீபா நல்லாருக்கா, வண்டிக்குத்தான் பின் டயர் ரெண்டும் மொட்டை. பெல்லாரியில உங்க முதுகு எப்படி இருக்கு? காதைக் கேக்க மாட்டேன். அதைத்தான் கல்லு அரைக்கிற கிரஷர்க்காரனுக்கே தானமாக் குடுத்துட்டீங்களே. காது இருந்திருந்தா போன்ல ரெண்டு நிமிசத்துல பேசி முடிச்சிருக்கலாம். இப்ப அஞ்சாப்புப் படிச்சவன் மூணாப்புப் படிச்சவருக்குக் கடுதாசி எழுத வேண்டியதாக் கெடக்கு.

சேதி என்னன்னா, உங்க மாப்ள இப்ப சாதாரண ஆள் இல்லை. மலையடித் தொல்லியல் வரலாற்றுக் கழகத்துல வாழ்நாள் உறுப்பினர். சிரிக்காதீங்க, அட்டை இருக்கு. பிளாஸ்டிக் ஒட்டுன அட்டை.

நடந்தது இதான். தக்காளி லோடு எறக்கிட்டு மார்க்கெட் வாசல்ல நின்னேன். தொப்பி போட்ட ஒருத்தர் வந்து, "தம்பி, ஞாயித்துக்கெழமை வண்டி வருமா? பத்துப் பேரு, பத்து நாற்காலி, ஒரு பேனர்"ன்னார். கல்யாணமான்னு கேட்டேன். "களப்பணி"ன்னார். நாலு ஞாயிறு போனேன். அஞ்சாவது ஞாயிறு வாடகைக்குப் பதிலா உறுப்பினர் பாரத்தைக் கையில குடுத்துட்டாங்க. அதுல 'கல்வித் தகுதி'ன்னு ஒரு கோடு. 'டிரைவிங் லைசென்சு'ன்னு எழுதிக் குடுத்தேன். செயலாளர் மணிமாறன்னு ஒரு வக்கீல் அதை வாங்கிப் படிச்சிட்டு, படிக்காத மாதிரியே பையில வச்சுக்கிட்டார்.

தொப்பிக்காரர்தான் தலைவர், ஜெரோம் சார். பிரின்சிபாலா இருந்து ஓய்வானவர். முன் சீட்டு எப்பவும் அவருக்கு. மத்தவங்க பின்னாடி, தக்காளிப் பொட்டி அடுக்குற எடத்துல நாற்காலி போட்டு வாராங்க. வளைவுல நான் செத்த வேகமாத் திருப்புனா அம்புட்டுப் பேரும் பாண்டியர் காலத்துல இருந்து பல்லவர் காலத்துக்குச் சரிஞ்சு போவாங்க.

ஒரு தடவை பேனர் மறந்து போச்சு. அன்னைக்கு ஒரு பழைய கல்லு கண்ணுல பட்டுச்சு. பேனர் இல்லாம எப்படிப் போட்டோ எடுக்குறதுன்னு, கண்டுபிடிப்பை அடுத்த ஞாயித்துக்கெழமைக்குத் தள்ளி வச்சுட்டாங்க மச்சான்.

போன வாரம் ஆத்தூர் அணைப் பக்கம். காட்டுக்குள்ள வட்டமாக் கல்லு கெடந்துச்சு. எல்லாரும் செருப்பைக் கழட்டிட்டாங்க. "ரெண்டாயிரம் வருசத்து ஈமச்சின்னம்"னார் ஜெரோம் சார், கண்ணுல தண்ணி. எனக்கு அந்தத் தோட்டம் தெரியும். அது தூந்து போன கெணறு. மூணு வருசம் முந்தி நானேதான் அதுல மண்ணு கொட்டுனேன். சொல்லலாம்னு வாயைத் தெறந்தேன். அதுக்குள்ள புரோட்டாக் கடைக்குப் போவோம்னுட்டாங்க. வாயை அதுக்கே தெறந்து வச்சுக்கிட்டேன்.

அடுத்து நம்ம சாணார்பட்டிப் பக்கம் போறோமாம். நீங்க ஊரை எட்டிப் பாத்து வருசம் முப்பத்திமூணு ஆச்சு. வாரீங்களா? பின்னாடி ஒரு நாற்காலி போட்டுத் தாரேன். நீங்களும் பழைய பொருள்தானே.

முதுகுக்கு எண்ணெய் போடுங்க. பதில் போடுங்க.

உங்க மாப்ள,
சோலைமுத்து (வாழ்நாள் உறுப்பினர்)


பெல்லாரி
2.7.2023

மாப்ள சோலைமுத்துக்கு சடையாண்டி எழுதுறது.

கடுதாசி வந்துச்சு. நீயும் தீபாவும் நல்லாருக்கணும். முதுகு அப்படியேதான் இருக்கு. இங்க மழை இல்லை, தூசிதான். அம்மி கொத்தச் சொல்லி வார ஆள் கொறஞ்சு போச்சு. பக்கத்துக் கடை சேக் பரீது மத்தியானத்துக்குச் சோறு குடுத்துடுறார்.

படிச்சவங்களை ரொம்பக் கேலி பண்ணாத. கல்லைப் பாக்குறது நல்ல வேலைதான். ஆனா எழுத்தை மட்டும் பாத்தா பத்தாது, கொத்துவாயைப் பாக்கணும். உளி எந்தப் பக்கம் சாஞ்சு எறங்கியிருக்குன்னு பாத்தா, கொத்துனவன் வலக்கைக்காரனா எடக்கைக்காரனான்னு தெரியும். அதை அவங்ககிட்டச் சொல்லு.

டயரை மாத்து.

சடையாண்டி


திண்டுக்கல்
20.7.2023

மச்சானுக்கு சோலைமுத்து வணக்கம் சொல்லி எழுதுறது.

நாங்க சொகம். டயர் மாத்தலை. வாரீங்களான்னு கேட்டதுக்கு நீங்களும் பதில் சொல்லலை. ரெண்டும் சரியாப் போச்சு.

இந்தக் கடுதாசியை உக்காந்து படிங்க.

போன ஞாயிறு சாணார்பட்டி ரோட்டுல போய்க்கிட்டு இருந்தோம். புளியமரம் தாண்டினதும் ஜெரோம் சார், "நிறுத்து, நிறுத்து"ன்னு என் தொடையில அடிக்கிறார். பிரேக்கைப் போட்டேன். பின்னாடி நாற்காலியெல்லாம் சரிஞ்ச சத்தம். தொப்பி எறங்கி ஓடுது. எங்க ஓடுதுன்னு பாத்தா, நம்ம அக்கா கல்லுக்கு.

ஆமா மச்சான். சிவனம்மா அக்காவுக்கு வச்ச சுமைதாங்கிக்கு.

"மணிமாறன், டேப்பைக் கொண்டாங்க! ரெண்டு தூண் கல்லு, மேல ஒரு படுக்கைக் கல்லு, எழுத்து இருக்கு!" ன்னு கத்துறார். 'சிவனம்மாள் தர்மம்'னு நீங்க கொத்துனதை விரலால தடவித் தடவிப் படிச்சார். லாரிப் புகையும், வெத்தலை போடுறவன் தடவிட்டுப் போன சுண்ணாம்பும், எலெக்சன் நோட்டீசு ஒட்டுன பசையும் சேந்து அந்தக் கல்லுக்கு எரநூறு வயசு கூடப் போட்டுக் குடுத்துருக்கு. "நாயக்கர் காலத்துக் கடைசி. பாளையக்காரர் வீட்டுப் பொம்பளை, சிவனம்மாள் நாச்சியார்!" ன்னு அறிவிச்சுட்டார். எல்லாரும் கையைத் தட்டுனாங்க.

பக்கத்துல கொய்யாக் கூடையோட நம்ம மூக்காயி சித்தி உக்காந்திருந்துச்சு. அது சொல்லுது, "ஏ அப்பு, இது நம்ம சிவனம்மா கல்லுல்ல? அவ எனக்குச் சோட்டுக்காரியாச்சே, ஒரே வயசு."

ஜெரோம் சார் என்ன சொன்னார் தெரியுமா? "அம்மா, செத்தத் தள்ளி உக்காருங்க, போட்டோல விழுறீங்க."

எங்க கூட்டத்துல தமிழ்மதின்னு ஒரு அம்மா உண்டு. பத்திரம் எழுதுற ஆபீசுல டைப் அடிக்குது. அது மட்டும், "சார், ஊர்க்காரங்களைக் கேட்டுப் பாக்கலாமே"ன்னுச்சு. அதுக்கு அவர், "கேட்டா கதை வரும்மா, சான்று வராது. நம்ம கழகத்தோட முதல் விதியே அதுதான். கல்லு பொய் சொல்லாது"ன்னார்.

அப்புறம் என்னைய நிக்க வச்சு, சுமைதாங்கின்னா என்னன்னு அரைமணி நேரம் வெளக்குனார். வயித்துப் புள்ளையோட செத்த பொம்பளை, எறக்க முடியாத சொமையோட போயிட்டாளேன்னு, வழியில போறவங்க தலைச்சொமையை எறக்கி வைக்க அவ பேரால வைக்கிற கல்லுன்னு. எனக்கு, மச்சான்! எங்கக்கா கல்லைக் கையில தொட்டுக்கிட்டு எனக்கு!

நான் வாயைத் தெறக்கலை. எம்புட்டு தூரம் போறாங்கன்னு பாப்போம்னுதான். நீங்க சொன்னீங்களேன்னு ஒண்ணு மட்டும் சொன்னேன், "சார், கொத்துவாயைப் பாருங்க, எடக்கைக்காரன் வேலை." ஒடனே நோட்டுல எழுதுறார், 'இடங்கைப் பிரிவினர்' ன்னு. அந்தக் காலத்துல அப்படி ஒரு கூட்டம் இருந்துச்சாம். உங்களுக்குச் சோறு எடக்கையில திங்காதேன்னு திட்டு வாங்குனது மட்டும்தானே தெரியும்? பெரிய வரலாறு நீங்க.

ஒரு வெசயம் மட்டும் சிரிப்பா இல்லை. கல்லுல செவப்புப் பெயிண்டால பெருக்கல் குறி போட்டிருக்கு. ரோட்டை அகலப்படுத்துறாங்க. குறி போட்ட எதையும் ஜேசிபி விட்டுத் தள்ளிருவாங்களாம்.

ஒடம்பைப் பாத்துக்கங்க. சேக் பரீது அண்ணனைக் கேட்டதாச் சொல்லுங்க.

சோலைமுத்து


திண்டுக்கல்
3.9.2023

மச்சானுக்கு,

நான் சொகம், நீங்க சொகமான்னு தெரியலை. ஒன்றரை மாசமாச்சு, ஒரு வரி இல்லை. தபால்காரரை வழி மறிச்சுக் கேட்டேன். "பெல்லாரியில இருந்து உனக்கு யாருய்யா எழுதுறா?" ன்னு திருப்பிக் கேக்குறார். கை வலியா, மை தீந்து போச்சா?

கதை இங்க வளந்துக்கிட்டே போகுது. ரோடு போடுற எஞ்சினீயரைப் போய்ப் பாத்தோம். அவர் பாவம், நல்ல மனுசன். "பழங்காலக் கல்லுன்னு உங்க கழகம் எழுதிக் குடுத்தா, பத்தடி உள்ள தள்ளி நட்டு வேலி போட்டுத் தாரேன். சாதாரணக் கல்லுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. இந்த ரோட்டுல மட்டும் எத்தனையோ மைல்கல்லும் சாமிக்கல்லும் இருக்கு"ன்னுட்டார்.

இப்பப் புரியுதா நான் மாட்டிக்கிட்டது? அக்கா கல்லுன்னு சொன்னா கல்லு சரளையாப் போகும். நாச்சியார் கல்லுன்னு விட்டா கல்லு இருக்கும், அக்கா போயிருவா.

அடுத்த கூத்து. நீங்க பேருக்குக் கீழ ஒரு பட்டை விட்டிருக்கீங்களே, மேலயும் கீழயும் கோடு இழுத்து, நடுவுல வழவழன்னு தேச்சு, எழுத்தே இல்லாம. அதைப் பத்தி ஜெரோம் சார் இருபது பக்கம் கட்டுரை எழுதியிருக்கார். தலைப்பு, 'அழிக்கப்பட்ட வரி'. எதிரிப் பாளையக்காரன் படையெடுத்து வந்து, நாச்சியாரோட புருசன் பட்டப்பேரை வெட்டி எறிஞ்சுட்டானாம். மணிமாறன் வக்கீலுக்கு அது பத்தலை. படையெடுப்பு ரெண்டு தடவை நடந்துச்சுங்குறார். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நாற்காலியைக் கூடத் திருப்பிப் போட்டு உக்காந்து வாராங்க.

நானும் யோசிச்சுப் பாத்தேன். பதினஞ்சு வயசுல அந்தக் கல்லை நடும்போது கயிறு பிடிச்சவன் நான். அந்தப் பட்டை ஏன் வெறுமனே கெடக்குன்னு எனக்கும் தெரியாது. கொத்துனவர் நீங்க. சொல்லுங்க, ஏன் விட்டீங்க?

சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடுங்க.

சோலைமுத்து


பெல்லாரி
28.9.2023

மாப்ள சோலைமுத்துக்கு,

நல்லாருக்கேன். நீயும் தீபாவும் நல்லாருக்கணும். கை வலி இல்லை.

இங்க ரெண்டு நாள் மழை பேஞ்சுச்சு. கடை ஓட்டுல ஒழுகுது. சேக் பரீது தார்ப்பாய் குடுத்தார்.

கல்லை ஒடைச்சா ஒடைச்சுட்டுப் போறாங்க. கல்லு கல்லுதான். நான் ஒடைச்ச கல்லுல எத்தனையோ ரோடு போட்டாச்சு. அதுல இது ஒண்ணு. விடு.

சடையாண்டி


திண்டுக்கல்
12.10.2023

பெல்லாரி மகாராசா அவர்களுக்கு,

திண்டுக்கல் டிரைவர் கும்புட்டுக்கிறேன். என் ஒடம்புக்கு ஒண்ணும் இல்லை. உங்க ஒடம்புக்கும் ஒண்ணும் இருக்காது, அதுல ஒண்ணும் ஏறாதுன்னு தெரிஞ்சு போச்சு.

கல்லு கல்லுதான்னு எழுதியிருக்கீங்க. நல்லாருக்கு. எங்க கழகத்துல தலைவர் பதவி காலியானா உங்க பேரைச் சொல்றேன். உங்களுக்கும் ஜெரோம் சாருக்கும் தொப்பி ஒண்ணுதான் வித்தியாசம். அவரும் கேக்க மாட்டார், நீங்களும் கேக்க மாட்டீங்க. அவராவது செத்தவங்களைப் பாக்க ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வாரார். நீங்க அக்கா செத்த பதினாறாம் நாள் ரயிலேறுனவர்தான்.

எங்க கூட்டத்துல ஒரே ஆள் உருப்படி, அந்தத் தமிழ்மதி அம்மாதான். போன வாரம் கல்லை மைப்படி எடுத்துச்சு. காகிதத்தை நனைச்சு கல்லு மேல ஒட்டி, பிரஷால தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள்ள எறக்கி, காஞ்சதும் மை ஒத்துது. கல்லு பூராக் கருப்பா விழுது, எழுத்து மட்டும் வெள்ளையா நிக்குது. அம்புட்டுப் பேரும் மரத்தடியில காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அது மட்டும் வெயில்ல நின்னு வேலை பாத்துச்சு. வேலை முடிஞ்சதும், "நம்ம கண்டுபிடிப்பு"ன்னு எல்லாரும் காகிதத்துக்குப் பின்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. காகிதம் பிடிச்சது நானும் அந்த அம்மாவும். போட்டோல எங்க விரல் மட்டும் இருக்கு.

ஜனவரியில ஆண்டு விழா. அதுல எஞ்சினீயர் கைக்குக் கழகத்தோட சான்றுக் கடுதாசியைக் குடுக்குறாங்க. நன்றியுரை நான்தான். ரெண்டு நிமிசம். நான் ஒரு வார்த்தை சொன்னா தொப்பி பறக்கும். சொல்ல மாட்டேன், கல்லு பொழைக்கணுமே. பல்லைக் கடிச்சுக்கிட்டு 'நாச்சியார் புகழ் வாழ்க'ன்னு சொல்லிட்டு எறங்குவேன்.

இன்னொண்ணு. உங்களுக்குச் சேர வேண்டிய சேதி ஒண்ணு ஆறு வருசமா எங்கிட்டக் கெடக்கு. ஆத்தா சாகுறப்பக் குடுத்துட்டுப் போச்சு. "அந்த மனுசன் கேட்டாச் சொல்லு, கேக்காமச் சொல்லாத"ன்னு உத்தரவு. நீங்கதான் எதையும் கேக்குற ஆள் இல்லையே. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.

தார்ப்பாய் கிழிஞ்சிருக்கான்னு பாத்துக்கங்க. இப்ப மழைக்காலம்.

சோலைமுத்து


பெல்லாரி
30.11.2023

மாப்ள சோலைமுத்துக்கு சடையாண்டி எழுதுறது.

தீபா எப்படி இருக்கு? எனக்கு ரெண்டு வாரமாக் காய்ச்சல், இப்பத் தேவலை. இந்தக் கடுதாசியை நாலு நாளா எழுதுறேன். எனக்கு நீட்டி எழுத வராது. பொறுத்துப் படி.

அன்னைக்குக் கல்லுக்குழிக்கு என்னையக் கூப்புட ஓடி வந்தது நீதான். அக்காளுக்கு வலின்னு மேல நின்னு கத்துன. அப்ப எனக்குக் காது கேட்டுச்சு. குழியில மருந்து வச்சாச்சு, வெடிச்சுட்டுச் சாயங்காலம் வாரேன்னு உன்னையத் திருப்பி அனுப்புனேன். எட்டு மாசம்தானே, சூட்டு வலியா இருக்கும்னு நெனச்சேன். வெடிச்ச கல்லைத் தட்டிப் பாத்துட்டுத்தான் ஏறுனேன். நான் வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. வயித்துல இருக்குறதைத் தனியா எடுத்துத்தான் அடக்கம் பண்ணணும்ங்கிறது நம்ம வழக்கம். அதையும் முடிச்சிருந்தாங்க. உங்க அய்யா என்னைய வாசல்ல நிறுத்தி, உள்ள வராதன்னார். நான் போகலை.

கல்லு மட்டும் நான் கொத்துறேன்னேன். அதுக்கு ஒண்ணும் சொல்லலை.

நீ கேட்ட பட்டை. யாரும் வெட்டலை. நான் விட்டேன். அவ ரெண்டு பேரு வச்சிருந்தா. ஆம்பளைன்னா ராசு, பொம்பளைன்னா அன்புக்கரசி. எது வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நீளமான பேருக்கு அளவெடுத்து எடம் விட்டேன். கேட்டுக்கிட்டுக் கொத்தலாம்னு இருந்தேன். பதினஞ்சு நாள் உங்க ஆத்தா கிட்டப் போய் நின்னேன். தினமும் நின்னேன். வாய் வரலை. பதினாறாம் நாள் ரயிலேறிட்டேன்.

ஒடைச்சா ஒடைச்சுட்டுப் போறாங்கன்னு எழுதுனேனே, அது பொய்.

ஆனா அவளை நாச்சியார் ஆக்காத மாப்ள. அவ கடலைக்கொட்டை ஆஞ்சு கை தேஞ்சவ. ராணின்னு சொன்னா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. கல்லு போனாலும் போகட்டும், அவ பேரு அவளுக்கே இருக்கட்டும். மேடையில நெசத்தைச் சொல்லு.

ஆத்தா சொன்ன சேதி என்ன? நான் கேக்குறேன். ஆம்பளையா பொம்பளையா?

சடையாண்டி


திண்டுக்கல்
7.1.2024

மச்சானுக்கு சோலைமுத்து கும்புட்டு எழுதுறது.

காய்ச்சல் முழுசா விட்டுச்சா? கஞ்சி குடிங்க. உங்க கடுதாசி வந்து நாளாச்சு. விழாவையும் முடிச்சிட்டுச் சேத்து எழுதலாம்னு இருந்தேன். நெசத்தைச் சொன்னா, ஒடனே எழுத எனக்கும் கை வரலை. போன கடுதாசியில எழுதுனதுக்கு என் கன்னத்துல நானே போட்டுக்கிறேன். ரெண்டு கன்னத்துலயும்.

விழா நேத்து நடந்துச்சு. மேடையில பத்து நாற்காலி, வண்டியில வார அதே நாற்காலிதான். பொன்னாடை மேல பொன்னாடை. ஜெரோம் சார் மணிமாறனுக்குப் போத்துறார், மணிமாறன் ஜெரோம் சாருக்குப் போத்துறார். படையெடுப்பு ஒண்ணா ரெண்டாங்குற சண்டை துணியோட துணியா மறைஞ்சு போச்சு. நாச்சியாரைப் பத்தி ஜெரோம் சார் ஒரு மணி நேரம் பேசுனார். அவ குதிரை ஏறுவாளாம். எங்கக்கா பஸ் ஏறவே பயப்படுவா.

கடைசியில, "நன்றியுரை, திரு. சோலைமுத்து"ன்னாங்க. எழுதி வச்ச காகிதத்தை மடிச்சுச் சட்டைப் பையில போட்டேன். கியரைப் பிடிக்கிற மாதிரி மைக்கைப் பிடிச்சேன் மச்சான்.

சொல்லிட்டேன். "இந்தக் கல்லு நாச்சியார் கல்லு இல்லை. எங்கக்கா சிவனம்மாளுக்கு 1990-ல வச்சது. கடலை ஆயப் போற பொம்பளை. கொத்துனவர் அவ புருசன் சடையாண்டி, பெல்லாரியில உசுரோட இருக்கார். அந்தப் பட்டையை எவனும் வெட்டலை. பொறக்காத புள்ள பேரை எழுதுறதுக்கு விட்ட எடம் அது. எஞ்சினீயர் சார், சாதாரணக் கல்லுதான். என்ன செய்வீங்களோ செய்யுங்க"ன்னேன்.

மூக்காயி சித்தியைக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அது கடைசி வரிசையில எந்திரிச்சு, "ஆமாய்யா, நெசம்"ன்னுச்சு.

போச்சு, கல்லு போச்சுன்னு நெனச்சேன். ஜெரோம் சார் மெதுவா எந்திரிச்சார். எங்கிட்ட இருந்து மைக்கை வாங்குனார். முகத்துல சிரிப்பு, ரெண்டாங்கிளாஸ் பையன் தப்பா வாய்ப்பாடு சொன்னா வாத்தியார் சிரிக்கிற சிரிப்பு. "பார்த்தீர்களா நண்பர்களே! ஒரு வரலாற்றுச் சின்னத்தை எளிய மக்கள் தங்கள் வீட்டுத் துயரமாகவே நம்பிக்கொள்கிறார்கள். நாட்டார் வழக்காறு நம் கண் முன்னே பிறக்கிறது. இதைவிட இந்தக் கல்லின் தொன்மைக்கு வேறு என்ன சான்று வேண்டும்?" ன்னார்.

கைதட்டு அடங்க நேரமாச்சு மச்சான். எஞ்சினீயரும் தட்டுனார். மேடையிலயே சான்றுக் கடுதாசியை வாங்கிக்கிட்டார். எனக்கும் ஒரு பொன்னாடை போத்துனாங்க. அச்சுக்குப் போற கட்டுரையில அடிக்குறிப்பு ஒண்ணு சேக்குறாங்களாம். 'அப்பகுதி வாகன ஓட்டுநர் ஒருவர் இதனைத் தம் தமக்கையின் நினைவுக்கல் என நம்புகிறார்.' நம்புறேனாம்!

நெசத்தைச் சொன்னதால கல்லு பொழைச்சுது. இம்புட்டு முட்டாளுங்க ஒரே மேடையில சேந்தாத்தான் இப்படி ஒரு நல்லது நடக்கும். ஆனா கெணத்தை ஈமச்சின்னம்னு கும்புட்டப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தவன்தானே நானும். இப்ப நான் சொன்னா எவன் நம்புவான்?

விழா முடிஞ்சு நாற்காலி ஏத்திக்கிட்டு இருந்தேன். தமிழ்மதி அம்மா வண்டிக்கிட்ட வந்துச்சு. ஒரு கேள்விதான் கேட்டுச்சு. "அண்ணே, அவருக்கு இந்தக் கல்லைப் பாத்து எம்புட்டு நாளாச்சு?" முப்பத்திமூணு வருசம்மான்னேன். பையில இருந்து மைப்படிக் காகிதத்தை எடுத்து என் கையில குடுத்துருச்சு. ரெண்டு படி எடுத்திருந்துச்சாம், இது ரெண்டாவது.

அதைத்தான் இந்தக் கவருக்குள்ள மடிச்சு வச்சிருக்கேன். மெதுவாப் பிரிங்க. அக்கா பேரு வெள்ளையா விழுந்திருக்கு. நீங்க விட்ட எடம் மட்டும் ஒரு பொட்டு வெள்ளை இல்லாமக் கருகருன்னு இருக்கு.

நீங்க கேட்டதுக்குப் பதில். பொம்பளைப் புள்ள மச்சான். தலை நெறைய முடி இருந்துச்சுன்னு ஆத்தா சொல்லுச்சு. உங்க சாடைன்னும் சொல்லுச்சு.

சோலைமுத்து


திண்டுக்கல்
18.2.2024

மச்சானுக்கு,

நாங்க சொகம். கவர் வந்துச்சா? தபால்காரர் என் வண்டியைப் பாத்தாலே சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போறார். சேக் பரீது அண்ணன் நம்பரையாவது எழுதியிருக்கலாம்ல.

கல்லைப் பத்தடி உள்ள தள்ளி நட்டாச்சு. கொண்டு போனது என் வண்டியிலதான். ஜெரோம் சார் முன் சீட்டு, எங்கக்கா பின்னாடி. பத்தடி தூரத்துக்கு எதுக்குய்யா வண்டின்னு கேட்டதுக்கு, ஊர்வலம்னாங்க. பேனர் கட்டியிருந்துச்சு.

வேலி போட்டாச்சு. நீல போர்டு ஒண்ணு நட்டிருக்கு. 'சிவனம்மாள் நாச்சியார் சுமைதாங்கி, 18-ஆம் நூற்றாண்டு. கீழ்வரி அழிக்கப்பட்டது.' நேத்து மூக்காயி சித்தி கொய்யாக் கூடையைக் கல்லு மேல எறக்கி வச்சிட்டு, போர்டுல தலைத்துணியைக் காயப் போட்டிருந்துச்சு. எழுத்து ஒண்ணும் தெரியலை. நல்லாத்தான் இருந்துச்சு.

ரெண்டு வரி எழுதுங்க. வையிறதா இருந்தாலும் எழுத்துல வையிங்க.

சோலைமுத்து


பெல்லாரி
9.3.2024

மாப்ள சோலைமுத்துக்கு சடையாண்டி எழுதுறது.

நல்லாருக்கேன். நீயும் தீபாவும் நல்லாருக்கணும். கவர் அப்பவே வந்துச்சு. சொவத்துல ஒட்டி வச்சிருந்தேன். சேக் பரீது வந்து பாத்துட்டு, யாரு கையெழுத்துன்னு சைகையில கேட்டார். எனதுன்னேன்.

அந்தக் காகிதத்தை இதுக்குள்ள திருப்பி அனுப்பியிருக்கேன். தமிழ்மதி அம்மாகிட்டக் குடு. காலியா இருந்த எடத்துல வெத்தலைச் சுண்ணாம்பைத் தொட்டு எழுதியிருக்கேன். அன்புக்கரசி. அளவு சரியா இருக்கு. அப்பவே சரியாத்தான் விட்டிருக்கேன்.

உளி மூணு தட்டித் தீட்டி வச்சாச்சு. சேக் பரீது டிக்கெட் எடுத்துட்டார். இருபத்திரெண்டாம் தேதி காலையில திண்டுக்கல்லுல எறங்குறேன். கல்லுக்கிட்ட உங்க தொப்பிக்காரரையும் வரச் சொல்லு, பேனரோட. அவர் முன்னால வச்சே கொத்துறேன். எடக்கையாலதான். அதுக்கும் அவர் கட்டுரை எழுதிக்கிறட்டும்.

ஸ்டேசனுக்கு வண்டியைக் கொண்டா. பின்னாடி நாற்காலி போட வேண்டாம். முன் சீட்டை எனக்கு வை.

சடையாண்டி